ஏசி இல்லாமலே கூல்... கரையான் புற்று கற்றுத்தந்த கட்டடம்!

ஆபீஸ்னாலே ஏசி கட்டாயம்னு நினைக்கிறோம். ஆனா, ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996-ல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் சென்டர், வழக்கமான ஏசி இல்லாமலே இயங்குகிறது. கடைகளும் அலுவலகங்களும் உள்ள இதை வடிவமைத்தவர் மிக் பியர்ஸ். கரையான் புற்றுதான் அவருக்கு இன்ஸ்பிரேஷன்.

எப்படி வேலை செய்யுது?

ஹராரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தாலும் இரவில் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்காற்றை மின்விசிறிகள் இழுத்து, கான்கிரீட் தளங்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் அனுப்பும். இரவெல்லாம் கான்கிரீட் குளிரும். பகலில் ஆட்களும் கம்ப்யூட்டர்களும் வெளிவிடும் சூட்டை அதே கான்கிரீட் வாங்கிக்கொள்ளும். சூடான காற்று மேலெழுந்து, கூரையிலுள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறும். ஜன்னலில் நேர் வெயில் விழாதபடி நிழல் தடுப்புகளும் உண்டு. ஏசி இயந்திரங்களுக்கான செலவு மிச்சம், கரன்ட்டும் மிச்சம்.

எல்லா ஊருக்கும் செட் ஆகுமா?

ஆகாது. இரவிலும் புழுக்கம் தணியாத ஊரில் கான்கிரீட் குளிரவே வாய்ப்பில்லை. அதனால் இந்த டிசைனை அப்படியே காப்பியடிப்பதில் பலனில்லை. முதலில் ஊரின் வானிலையைப் படித்து, அதற்கேற்ப கட்டடத்தை வரைந்தார்களே, காப்பியடிக்க வேண்டியது அதைத்தான்.