தோணியின் பின்துளையும் கிளாண்ட் கயிறும்

பாயை மட்டுமே நம்பி ஓடிய மரக்கலத்துக்கு நீர்மட்டத்துக்குக் கீழே துளை எதுவும் தேவைப்பட்டதில்லை. பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கி, தாமிரபரணியின் வண்டல் படிந்து படிந்து இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் கொற்கையிலிருந்து புறப்பட்ட கலங்களும், அத்துறையின் வாணிகம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகளும் அவ்வகையினவே. அவற்றின் பலகை இடுக்குகளில் நீர் கசிந்ததுண்டு. ஆனால் அது பஞ்சும் எண்ணெய்ப் பிசினும் கொண்டு அடைக்கக்கூடிய கசிவு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகளில் டீசல் எஞ்சின் ஏறியபோதுதான், கலத்தின் பின்முனைக் கட்டையைத் தாமே துளையிட்டு, அத்துளையைக் காலமெல்லாம் காவல் காக்கும் பொறுப்பு தோணிக்காரர்களுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், பாயால் மட்டுமே ஓடக்கூடிய அளவுக்குப் பாய்ப்பரப்பு உடைய கலத்தை, அதில் எஞ்சின் இருந்தாலும், பாய்க்கப்பல் என்றே வகைப்படுத்தியது. ஆயினும், பாய்க்கப்பலுக்கு இல்லாத ஒரு கவலை எஞ்சினோடு சேர்ந்து கலத்துக்குள் குடியேறிவிட்டது.

எஞ்சின் கலத்தின் உள்ளே இருக்கிறது. அது சுழற்ற வேண்டிய புரொப்பெல்லர் வெளியே நீரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் சாஃப்ட் என்னும் நீண்ட உலோகத் தண்டு, பின்முனையில் பொருத்தப்பட்ட குழாய் ஒன்றின் வழியே வெளியே செல்கிறது. தண்டு தடையின்றிச் சுழல வேண்டுமானால் அதற்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி இருந்தாக வேண்டும். இடைவெளி இருந்தால் கடல் உள்ளே வரும். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று முற்றிலும் திறந்து கிடந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 லிட்டர் நீர் உள்ளே பாயும் என்பது எளிய கணக்கு. சிறிய படகொன்றின் கதையை முடிக்க அது போதும்.

இந்தச் சிக்கலுக்குப் பொறியியல் கண்ட பழைய விடை இன்றும் வழக்கொழியவில்லை. குழாயின் உள்முனையில் கிண்ணம் போன்ற உலோகக் கூடு ஒன்று தண்டைச் சூழ்ந்து நிற்கிறது. தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள வெளியில், மெழுகோ கொழுப்போ ஊறிய சதுரப் பின்னல் கயிறு வளையம் வளையமாக அடுக்கப்படுகிறது. கிளாண்ட் எனப்படும் மூடி, நட்டுகளால் முடுக்கப்பட்டு அவ்வளையங்களை நெருக்க, நெருக்கப்பட்ட கயிறு பக்கவாட்டில் பருத்துத் தண்டைப் பற்றிக்கொள்கிறது. வயலுக்கு நீர் இறைக்கும் பம்புசெட்டிலும் இதே அமைப்பு உண்டு என்பதால், கிளாண்ட் கயிறு என்ற சொல் கடலோரத்தாருக்கு மட்டும் உரியதன்று. தாமிரபரணிப் பாசனத்து உழவருக்கும் அது பழகிய சொல்லே.

கிளாண்ட் பற்றிப் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு: அது முற்றிலும் கசியாமல் இருப்பது நலத்தின் அடையாளம் அன்று. சுழலும் தண்டுக்கும் கயிற்றுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் உராய்வின் வெப்பம் வெளியேறும். அந்நீர் நின்றுவிட்டால் கயிற்றின் கொழுப்பு எரிந்து, கயிறு கட்டை போல் இறுகி, அந்த இறுகிய கயிறே தண்டை அறுத்துப் பள்ளம் உண்டாக்கும். எனவே எஞ்சின் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவதும், ஓட்டம் நின்றதும் சொட்டு நிற்பதும் நல்ல கிளாண்டின் இயல்பு. நிமிடத்துக்கு மூன்று சொட்டு என்று ஒரு நாள் முழுவதும் விழுந்தாலும் சேரும் நீர் கால் லிட்டரைத் தாண்டாது. கசிவைக் கண்டு அஞ்சி நட்டை முடுக்கிக்கொண்டே போகிறவர், கால் லிட்டர் நீரை மிச்சப்படுத்த விலையுயர்ந்த தண்டையே பலி கொடுக்கிறார். முடுக்கிய பிறகும் கசிவு குறையவில்லை என்றால் கயிறு தேய்ந்துவிட்டது; மாற்றுவதே வழி.

கலம் மிதக்கும்போதே, வெளிப்புறத்தில் மூழ்கித் துளையைத் துணியால் சுற்றி அடைத்துவிட்டுக் கயிறு மாற்றுவதும் உண்டு எனினும், கரையேற்றிய நிலையே பாதுகாப்பானது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும்போது, இவ்வேலைக்கும் இடம் கிடைக்கிறது. சரக்குத் தோணிகளுக்கு அத்தகைய ஓய்வைத் தென்மேற்குப் பருவக்காற்று தருகிறது.

வேலையில் பொறுமை மிகுதியாக வேண்டியது பழைய கயிற்றை எடுக்கும் இடத்தில்தான். முனை திருகிய கொக்கி ஒன்றால் ஒவ்வொரு வளையமாகக் குத்தி இழுக்க வேண்டும். ஆழத்தில் கிடக்கும் கடைசி வளையம் கருகிக் கூட்டின் சுவரோடு ஒட்டியிருப்பதால், பழைய கயிறு முழுவதும் வந்துவிட்டது என்று எண்ணிப் புதுக் கயிற்றை அதன்மேலேயே அடுக்கிவிடும் பிழை எளிதில் நேர்ந்துவிடுகிறது. கூடு வெறுமையானதும் தண்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எவ்வளவு உயர்ந்த கயிறும் சில நாளில் பிய்ந்துபோகும்.

கூட்டின் உள்விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவதே கயிற்றின் தடிமன். ஆளிநாரால் பின்னிக் கொழுப்பில் ஊறவைத்த கயிறு பழைய வழக்கம். டெஃப்லான் கலந்தது இன்று பரவலாகக் கிடைக்கிறது. கிராஃபைட் கயிறு பம்புசெட்டுக்குப் பொருந்தினாலும், உப்புநீரில் கிராஃபைட்டும் உலோகமும் சேர்ந்து மின்வேதி அரிப்பை உண்டாக்கும் என்பதால் கடற்கலத்துக்கு ஏற்றதன்று. சாஃப்டின் விட்டமே உடைய தண்டு ஒன்றின்மேல் கயிற்றைச் சுற்றி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சாய்வாக அறுத்து, ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே தட்டி அமர்த்த வேண்டும். வளையங்களின் மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் அதுவே நீருக்கு வாய்க்காலாகிவிடும் என்பதால், மூன்று வளையங்கள் எனில் ஒவ்வொரு மூட்டும் முந்தியதிலிருந்து 120 பாகை விலகி நிற்க வேண்டும்.

நட்டுகளைத் தொடக்கத்தில் கைவிரலால் மட்டும், இரு பக்கமும் சமமாகத் திருகி, கலத்தை நீரில் இறக்கி எஞ்சினை ஓட்டும்போது சொட்டு மிகுதியாகவே விழும், விழட்டும். கயிறு தண்டின் வடிவுக்கு இணங்கிய பின், கால் திருகு, கால் திருகாக இறுக்கிச் சொட்டைக் குறைத்து, இடையிடையே கூட்டின்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு தெரிந்தால் இறுக்கம் மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே நட்டைத் தளர்த்திவிட வேண்டும். சரியான நிலை கிடைத்ததும், அதிர்வில் கழன்றுவிடாதபடி பூட்டு நட்டையும் முடுக்க வேண்டும்.

கயிறே இல்லாமல் இரு வழுவழுப்பான முகங்கள் உரசி நீரைத் தடுக்கும் நவீன அடைப்புகள் சொட்டுவதில்லை. ஆனால் அவை கெட்டால் சில வேளை நீர் பெருக்கெடுத்தே உள்ளே வரும். மாற்றுவதற்கும் பெரும்பாலும் எஞ்சினுக்கும் தண்டுக்குமான இணைப்பைப் பிரிக்க வேண்டும். தொலைதூரம் ஓடும் கலத்துக்கு இந்த வேறுபாடு பெரிது: தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் மாலே 700 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்கிறது. அத்தகைய கடல்வழியில் ஓடும் கலத்தில், கொக்கி ஒன்றும் சரியான தடிமனில் இரண்டு மூன்று மீட்டர் கயிறும் கைவசம் இருந்தால், நடுக்கடலில் கெட்டுப்போன கிளாண்டைக் கப்பலாட்களே சீர்செய்து கரை சேரலாம்.