பறக்கக் கத்துக்க எந்த விமானம்?



திருச்சிக்குப் போற விமானத்தை நாம எல்லாரும் அண்ணாந்து பார்த்திருப்போம். அதை ஓட்டுற விமானி முதல் நாளே அவ்வளவு பெரிய விமானத்திலா ஏறியிருப்பார்? இல்லை. முதலில் ஒரு குட்டி விமானத்தில்தான் கத்துக்கிட்டிருப்பார். அதுக்குப் பேர் பயிற்சி விமானம்.

அதை எப்படித் தேர்ந்தெடுப்பாங்க? முக்கியமானவை மூன்று.

1. ஓட்டும் கருவிகள் இரண்டு பேருக்கும் இருக்கணும். மாணவர் தப்பாகத் திருப்பினாலும் ஆசிரியர் உடனே சரிசெய்வார்.

2. மெதுவாகவும் பறக்கணும். இறக்கை மேல் ஓடும் காற்றுதான் விமானத்தைத் தூக்குது. வேகம் ரொம்பக் குறைஞ்சா அந்தத் தூக்கும் சக்தி போயிடும். அப்போ மூக்கைக் கொஞ்சம் இறக்கினதும் சட்டென்று சரியாகிற விமானமே நல்லது.

3. எஞ்சினை நம்பலாம்னு இருக்கணும்.

உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தில் நிறைய பேர் கத்துக்கிறாங்க. அது வேகமான விமானம் இல்லை. ஆனால் தப்பைப் பொறுத்துக்கும்!

மூன்றாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. நம் விமானப்படையில் எச்.பி.டி.-32 தீபக் என்ற பயிற்சி விமானம் இருந்தது. அதன் எஞ்சின் நடுவானில் நின்னுபோகும். 2009 ஜூலையில் நடந்த விபத்தில் பயிற்சி தரும் விமானிகள் இருவர் இறந்தார்கள். அதன்பின் அந்த விமானங்களை நிறுத்திட்டாங்க. 2012-இல் சுவிட்சர்லாந்தின் பிலேட்டஸ் பி.சி.-7 விமானங்கள் 75 வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறிந்து பாராசூட்டில் இறக்கும் வசதி அதில் உண்டு. 2013-இல் அது பயிற்சிக்கு வந்தது. நம் நாட்டிலேயே செய்த எச்.டி.டி.-40, 2016-இல் முதன்முதலாகப் பறந்தது.

அதே 2016-இல்தான் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகளாகத் தேர்வானார்கள். அவங்க முதலில் பழகியதும் பிலேட்டஸில்தான்!

ஆகவே தோழிகளே, 2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்களும் சேர்ந்து படிக்கிறாங்க. அதன் வழியாக விமானப்படைக்குப் போகணும்னா பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படிச்சிருக்கணும். பத்தாவது முடிச்சு குரூப் எடுக்கும்போது, "கணக்கு கஷ்டம்"னு யாராவது சொன்னா உடனே ஒதுங்கிடாதீங்க. விமானம் ஓட்டுறவங்களும் மெதுவா, சின்னதிலிருந்துதான் தொடங்குறாங்க!