கல்லில் ஏறிய படையும் ஏறாத பெயரும்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் வில்லிகள் தெரு என்று ஒரு தெரு இருந்தது. ஆனையாட்கள் தெரு, ஆனைக்கடுவார் தெரு, சாலியத் தெரு, மடைப்பள்ளித் தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி எல்லாம் அதே நகரில் இருந்தவைதான். பெரிய கோயில் கல்வெட்டுகள் சொல்லும் பெயர்கள் இவை. வில் பிடித்தவர்களும் தறி நெய்தவர்களும் ஒரே ஊரில் குடியிருந்தார்கள்.

‘ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் பிள்ளைகள் உருப்படுவார்கள்’ என்ற பேச்சைத் திண்ணையிலும் டீக்கடையிலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தெருக்கள் நினைவுக்கு வரும். அப்படிப் பேசுகிறவர்கள் உடனே ஸ்பார்ட்டாவைச் சொல்வார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஏழு வயதில் பிரித்த பிள்ளை

ஸ்பார்ட்டாவில் குடிமகன் வீட்டுப் பையனுக்கு ஏழு வயது ஆனதும் தாயிடமிருந்து பிரித்து, மற்றப் பையன்களோடு ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். இந்த வளர்ப்பு முறைக்கு அகோகே என்று பெயர். ஆண்டு முழுவதும் ஒரே மேலாடை. ஆற்றங்கரை நாணலைக் கையால் ஒடித்துப் பரப்பிய படுக்கை. அரை வயிற்றுச் சாப்பாடு. பசித்தால் திருடித் தின்னலாம், பிடிபட்டால் அடி. கல்யாணம் ஆனாலும் முப்பது வயது வரை இரவுகள் படைக் கொட்டடியில்தான்.

ஏதென்ஸின் வழி வேறு. கி.மு. 4-ம் நூற்றாண்டில் அங்கே பதினெட்டு வயது இளைஞர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. முதல் ஆண்டின் முடிவில் ஊர் மக்கள் கூடிய மன்றத்தில் அரசே கேடயமும் ஈட்டியும் கொடுக்கும். இரண்டாம் ஆண்டு எல்லைக் காவல். பதவிக்கு வந்தவர் எவராக இருந்தாலும் காலம் முடிந்ததும் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும்.

வட்டி கட்டிய படை

இந்த இரண்டில் சோழநாடு எதற்குப் பக்கம்? 1010-ல் ராஜராஜன் எடுத்து முடித்த கோயிலின் கல்லே விடை சொல்கிறது. பண்டித சோழ தெரிந்த வில்லிகள், நித்தவிநோத தெரிந்த வலங்கை வேளைக்காரர், உத்தம சோழ தெரிந்த அந்தளகத்தாளர், நிகரிலி சோழ தெரிந்த உடனிலைக் குதிரைச் சேவகர் என்று படைப்பிரிவுகள் அங்கே வரிசையாக வருகின்றன. ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள். அதற்கு முன்னால் நிற்பவை அரசர்களின் பெயர்களும் பட்டங்களும். வேளைக்காரர் என்போர், வேளை வந்தால் தலைவனுக்காக உயிர் கொடுப்போம் என்று சபதம் ஏற்றவர்கள்.

போர்க்களத்தில் அல்லாமல் கோயில் கணக்கில் இவர்கள் பெயர் ஏன் வந்தது? சில படைகள் கோயிலின் பரிவார தெய்வங்களுக்கான செலவைப் பொறுப்பேற்றன. சில படைகள் கோயில் பணத்தைக் கடனாக வாங்கி வட்டி கட்ட ஒப்புக்கொண்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, அந்தக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணும் வட்டி. நெல்லை அளந்தது ஆடவல்லான் என்ற மரக்கால். நாடுகளை வென்று வந்த படையும் கணக்கின் முன்னே கட்டுப்பட்டு நின்றது. எனக்கு யானைப்படையைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அதே ஒழுங்கை ஊர்ச்சபையிலும் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகவே எல்லோரும் புகழ்கிறோம். அதன் முதுகெலும்பு வேறொரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே கதி.

நெல்லை விளைவித்தது யார்?

பெருமை பேசிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு ஸ்பார்ட்டனும் பொதுப் பந்திக்குத் தன் பங்குத் தானியத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவன் குடியுரிமையை இழப்பான். அந்தத் தானியத்தை விளைவித்தவர்கள் ஹெலட்டுகள் என்ற அடிமை உழவர்கள். ஆண்டுதோறும் பதவியேற்கும் ஆட்சியாளர்கள், தங்களுக்குச் சோறு போட்ட அந்த மக்கள் மீதே போர் அறிவிப்பார்கள். கொன்றாலும் பாவம் இல்லை என்று ஆக்குவதற்கான ஏற்பாடு அது. கி.மு. 371-ல் லியூக்ட்ராவில் ஸ்பார்ட்டா தோற்றது. அடுத்த சில ஆண்டுகளில் மெசேனிய ஹெலட்டுகள் விடுதலை பெற்றார்கள். பழைய ஸ்பார்ட்டா அதன்பிறகு எழவே இல்லை.

தஞ்சைக் கல்லுக்குத் திரும்புவோம். படைகளைப் பெயர் சொல்லி அழைத்த அதே கோயிலின் கல்வெட்டுகள், ஊர்களின் வரியில்லா நிலத்தைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. சேற்றில் இறங்கியவர்கள் அங்கே நில அளவாக வருகிறார்கள், ஆளாக வரவில்லை.

அந்தக் கணக்கு நீண்ட காலம் மாறவில்லை. நம் பாட்டன் காலம் வரை இதே வண்டல் மண்ணில் பண்ணையாள் முறை இருந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் ‘கட்டுப்பாடு’ என்ற பெயரில்தான் நடந்தன. பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார்கள். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகும் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள்.

பிள்ளைகளுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேடயம் கொடுப்பதற்கு முன்னால் கணக்குக் கேட்கவும் கணக்குக் காட்டவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். தட்டில் விழும் சோற்றை யார் விளைவித்தார்கள் என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் டெல்டாவின் வாய்க்கால் கரைகளில் பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக இறங்குவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். நூறு நாள் வேலை. காலையில் பணித்தளப் பொறுப்பாளர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எழுந்து பதில் சொல்வார்கள். கூலி குறைந்தால் அந்தப் பெயரைக் காட்டியே கேட்பார்கள். ராஜராஜன் கல்லில் ஏறாத பெயர்கள் அவை. கட்டுப்பாடு என்ற சொல் எனக்கு நிறைவாக ஒலித்தது அந்தக் கரையில்தான்.