செம்பு ஜோடியாக

செல்லக் கண்ணா, செம்புக் குடத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கிறாயா? ஒட்டாது. "அப்படியானால் செம்புக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே கிடையாதா மாமா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ், நல்ல கேள்வி! சம்பந்தம் உண்டு; அதை ஒரு செப்பு உப்பில் பார்க்கலாம்.

செப்புக் கார்பனேட் பொடியை அசெட்டிக் அமிலத்தில் போட்டால் நுரை பொங்கும். வினிகருக்குப் புளிப்பு தருவது இந்த அமிலம்தான். கரைசலை வடிகட்டி வைத்தால், நாளாவட்டத்தில் நீலப்பச்சைப் படிகங்கள் தோன்றும். அதுதான் செப்பு அசெட்டேட். பார்க்க அழகு, ஆனால் நஞ்சு. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது, சரியா?

இந்தப் படிகத்துக்குள் செம்பு அணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. நடுவே நான்கு அசெட்டேட் பாலங்கள். பாலத்தின் ஒரு முனை ஆக்சிஜன் இந்தச் செம்பைப் பிடிக்கிறது, மறுமுனை ஆக்சிஜன் அந்தச் செம்பை. இரண்டு செம்புக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 40 லட்சத்தில் ஒரு பங்கு!

ஒவ்வொரு செம்பிலும் துணையில்லாத எலக்ட்ரான் ஒன்று உண்டு. அது ஒரு குட்டிக் காந்தம். பாலங்கள் வழியாக இந்த இரண்டும் ஒன்றையொன்று உணர்கின்றன. சீசாப் பலகை போல, ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும். இரண்டின் காந்தமும் கழிந்துபோகும். புரிகிறதா? சூடு இருந்தால் இந்த ஒழுங்கு குலையும், கொஞ்சம் காந்தத் தன்மை தெரியும்.

இப்படிப் பாலம் இல்லாத செப்பு உப்புகளைக் குளிர வைத்தால் காந்தம் இன்னும் பலமாக இழுக்கும். செப்பு அசெட்டேட்டிலும் சுமார் −18 டிகிரி செல்சியஸ் வரை அப்படித்தான். அதற்கும் கீழே போனால் இழுப்பு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மறைந்தே போகும்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1952-இல் ஆக்ஸ்போர்டில் பிளீனி, பவர்ஸ் என்ற இருவர் இந்தக் காந்த நடத்தையை ஆராய்ந்தார்கள். செம்பு ஜோடியாகத்தான் இருக்கவேண்டும் என்று கணித்தார்கள். உள்ளே எட்டிப் பார்க்காமலேயே! மறு ஆண்டே எக்ஸ்-கதிர் ஆய்வு அந்த ஜோடியைக் காட்டிவிட்டது.

அவர்கள் தந்த பிளீனி–பவர்ஸ் சமன்பாட்டைத்தான், இரட்டைச் செம்புப் பொருள்களை ஆராய்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.