வள்ளிக்கிழங்கின் வம்சத்தில் ஒரு மருந்து

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தோண்டி அவித்துண்ணும் காட்டுவள்ளி, நூரை முதலிய கிழங்குகளுக்கும், கீழே கள்ளக்குறிச்சியில் நெல்லாலைத் தூசியால் இரைப்புக் கண்டவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் இன்ஹேலருக்கும் தூரத்து உறவொன்று உண்டு என்றால், வாசகர் நம்பத் தயங்குவர்.

1948-இல் அமெரிக்காவில் ஹென்ச் என்னும் வைத்தியர் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டைச் செலுத்தியபோது, மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து வடிக்கப்பட்ட அந்த ஔஷதம் பொன்னினும் அரிதாயிருந்தது. மெக்சிகோ நாட்டுக் காட்டுவள்ளியிலுள்ள டயோஸ்ஜெனின் என்னும் சத்தை ஸ்டீராய்டாக மாற்றும் வழியை ரஸ்ஸல் மார்க்கர் 1940-களில் காட்டியிருந்தார். அதைக் கார்டிசோனாக்குவதில் ரசாயனிகளைத் திணறடித்த பிராணவாயு இணைப்பை, பழைய ரொட்டியில் பூக்கும் ரைசோபஸ் இனத்துப் பூஞ்சை ஒரே படியில் முடித்துவிடுவது 1952-இல் வெளியாயிற்று, விலை சரிந்தது. நம் மலைக் கிழங்குகளின் உறவு குலத்தளவே. அவற்றைத் தின்றால் இரைப்புத் தீரும் என்று யாரும் மலையேறிவிட வேண்டாம்.

மருந்து மலிந்ததும் பாதகமும் தெரிந்தது. இரைப்புக்காக நெடுநாள் மாத்திரையாக உட்கொண்டவர்க்கு முகம் உப்பிற்று, எலும்பு நலிந்தது, சர்க்கரை ஏறிற்று. அழற்சியை அடக்கும் அதன் சக்தி சுவாசக்குழலோடு நில்லாமல் சர்வாங்கத்திலும் பரவியதே காரணம். ஆகவே ஆராய்ச்சியாளர் நாடியது வல்லமை மிகுந்த மருந்தை மட்டுமன்று, இட்ட இடத்திலேயே வேலை செய்யும் மருந்தையுமாகும். 1972-இல் வந்த பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் மில்லிகிராம் கணக்கை மைக்ரோகிராம் கணக்காக்கிற்று. பின்வந்த பியூடசோனைடில், தொண்டையில் படிந்து விழுங்கப்படுவதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கைக் கல்லீரலே முதற்சுற்றில் சிதைத்துவிடுகிறது. சிக்லசோனைடோ நுரையீரலின் நொதிகள் தீண்டிய பின்னரே வீரியம் பெறுகிறது.

எனினும் வாயில் தங்கும் துகள்கள் அங்குள்ள எதிர்ப்பைத் தளர்த்துவதால், கேண்டிடா என்னும் பூஞ்சை நாவிலும் உட்கன்னத்திலும் தயிராடைபோல் படர்வதுண்டு, குரலும் கம்மும். ஒரு பூஞ்சையின் உதவியால் மலிந்த மருந்து இன்னொரு பூஞ்சைக்கு இடங்கொடுப்பது விநோதந்தான். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புவதும், இன்ஹேலரோடு ஸ்பேசர் என்னும் குழாயைப் பொருத்திக்கொள்வதும் இதற்குப் பரிகாரம். பெரிய அளவில் பல்லாண்டு இழுப்போர்க்குக் கண்புரையும் எலும்புத் தேய்வும் நேரலாம். குழந்தைகளின் உயரம் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம். மூச்சடைத்து உட்கார்ந்தே கழிக்கும் இரவுகளோடு ஒப்பிட்டால், இது பெரிய நஷ்டமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டீராய்டு என்ற பெயருக்கு அஞ்சி, இரைப்புத் தணிந்தவுடன் தாமாகவே நிறுத்திவிடுவோர் பலர். அவர்கள் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக அளவைக் குறைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.