நகரும் வீட்டில் விளக்கு அணைந்தால்

படுக்கை, சமையலிடம், குளியலறை ஆகியவற்றைக் கொண்டு, சாலையில் செல்லும் வீடே கேரவன் ஆகும். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கான கொள்கையை அறிவித்தது. ஊரில் மின்சாரம் நின்றால் மின்வாரியத்திற்குத் தெரிவிக்கலாம். மலையோரம் நிற்கும் கேரவனில் விளக்கு அணைந்தால், உள்ளிருப்போரே காரணத்தைத் தேட வேண்டும்.

கேரவனில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினை முடுக்குவதற்கு. மற்றொன்று விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்பு ஆகியவற்றிற்கு. இவை 12 வோல்ட்டில் இயங்குவன. குளிர்சாதனம் போன்ற பெரிய கருவிகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வெளியிலிருந்து இணைக்கப்படும். எவ்வழி மின்சாரம் நின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

12 வோல்ட் பகுதியில் பழுதெனில், அதன் பரப்பை நோக்க வேண்டும். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையெனில், குறை பெரும்பாலும் அவ்விளக்கிலோ அதன் சுவிட்சிலோ இருக்கும். ஒரு பகுதியின் கருவிகள் அனைத்தும் நின்றால், அப்பகுதிக்குரிய மின்னுருகி உருகியிருக்கலாம். எல்லாமே நின்றால் பேட்டரியை ஆராய வேண்டும். முழுமையாக மின்னேற்றம் பெற்ற ஈய அமில பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினால் உடனே மின்னேற்றம் செய்தல் வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரியாவிடில், முனைகளில் படிந்த உப்போ, பயண அதிர்வால் தளர்ந்த இணைப்போ காரணமாகலாம். பல ஊர்திகளில் இரும்புச் சட்டமே மின்னோட்டம் திரும்பும் வழி; அவ்விணைப்பு துருப்பிடித்தாலும் மின்சுற்று முறியும்.

மின்னுருகி உருகுவது குறையன்று. அது தன்னை அழித்துக்கொண்டு கம்பியைக் காக்கிறது. 10 ஆம்பியர் மின்னுருகி இருந்த இடத்தில் 30 ஆம்பியர் மின்னுருகியைப் பொருத்தினால் விளக்கு எரியக்கூடும். ஆனால், சுவருக்குள் மறைந்துள்ள மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றலாம்; உறங்குவோர் அதனை அறியார். ஆகவே, அதே அளவுள்ள மின்னுருகியையே பொருத்த வேண்டும். அதுவும் உருகினால், காரணத்தைக் கண்டு நீக்கும்வரை அச்சுற்றைப் பயன்படுத்தலாகாது. 230 வோல்ட் பகுதியையோ பயிற்சி பெற்ற மின்பணியாளர் மட்டுமே தொடலாம்.

விளக்கை எரியச் செய்வது மட்டும் பழுதுநீக்கமன்று. அது ஏன் அணைந்தது என்பதை அறிவதே பழுதுநீக்கம்.

அருஞ்சொற்பொருள்

முடுக்குதல் – இயங்கச் செய்தல்
மின்னுருகி – ஃபியூஸ்
மின்னேற்றம் – சார்ஜ்
மின்சுற்று – மின்சாரம் சென்று திரும்பும் பாதை

வினாக்கள்

1. கேரவனில் இரண்டு பேட்டரிகள் இருப்பது ஏன்?
2. ஒரு விளக்கு அணைவதற்கும் எல்லா விளக்குகளும் அணைவதற்கும் காரணங்கள் எவ்வாறு வேறுபடும்?
3. உருகிய மின்னுருகிக்கு மாற்றாகப் பெரிய அளவுள்ளதைப் பொருத்தலாமா? காரணம் கூறுக.