முதற்பால் கடைசியில்: சொந்தப் பாட்டுக்காரரின் ஓராண்டு எப்படி இயங்குகிறது?

பிஞ்சுப் பலாக்காய்க் கறிக்கு ஒரு தேங்காய் போதும். தேங்காய்ப்பூவில் கொஞ்சம் நீர் விட்டுப் பிழிந்தால் முதலில் வருவது முதற்பால். அதை மூடி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதே பூவில் மறுபடி நீர் விட்டுப் பிழிந்தெடுக்கும் இரண்டாம், மூன்றாம் பாலில்தான் பலாக்காய் மிளகோடும் மஞ்சளோடும் சேர்ந்து சிறு தீயில் நெடுநேரம் வேகும். காய் மெத்தென்றாகி உறைப்பு உள்ளே இறங்கிய பிறகுதான் முதற்பால் சட்டிக்குள் போகும். அதன்பின் ஒரு கொதிக்குள் சட்டியை இறக்கிவிட வேண்டும். முறையை மாற்றி முதற்பாலை ஆரம்பத்திலேயே ஊற்றினால், நீண்ட கொதியில் பாலிலுள்ள புரதம் திரண்டுவிடும். அது பிடித்து வைத்திருந்த எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். காயோ இன்னும் வேகாமல் கிடக்கும்.

வத்தேகமவில் ஓர் இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்துக்கொண்டே சொந்தமாகப் பாட்டுக் கட்டும் ஒருவர் தை பிறந்ததும் போடும் ஆண்டுத் திட்டமும் இந்த வரிசையில்தான் இயங்க வேண்டும். ஆனால் பலரும் எழுதும் பட்டியல் இப்படித் தொடங்குகிறது: யூடியூபில் பத்தாயிரம் பேர், ஓர் அல்பம், கொழும்பில் பெரிய மேடை. மூன்றுமே முதற்பால். மூன்றுமே மற்றவர்கள் தருவது. கேட்பவர், ஏற்பாட்டாளர், ஒரு செயலியின் கணக்கு ஆகியவை சேர்ந்து முடிவு செய்வதை நாம் தை மாதத்திலேயே சட்டியில் ஊற்றிக் கொதிக்க விடுகிறோம். சித்திரைக்குள் மனம் திரிந்துபோகிறது.

முதலில் தேங்காய் எவ்வளவு என்று பார்ப்போம். பகலில் கடையிலோ பாடசாலையிலோ தோட்ட அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு இசைக்கென்று வாரத்தில் 6 மணித்தியாலம் கிடைக்கிறது என்று வையுங்கள். ஆண்டில் 48 வாரம் உழைத்தால் 288 மணித்தியாலம். ஒரு பாட்டை மெட்டிலிருந்து பாடத்தக்க நிலைக்குக் கொண்டுவர 20 மணித்தியாலம் என்றால், மாதம் ஒரு பாட்டு என்ற இலக்கு 240 மணித்தியாலத்தை விழுங்கிவிடும். பயிற்சி, ஒத்திகை, ஒலிப்பதிவு, ஏற்பாட்டாளர்களோடு பேசுவது எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 48. இது நடக்காது. ஆறு பாட்டு என்று குறைத்தால் 120. மிச்சம் 168 இருக்கிறது. அதில் நூறைப் பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் ஒதுக்கினாலும், மற்ற வேலைகளுக்கு 68 கையில் நிற்கும். இந்தக் கணக்கைப் போடாத எந்த இலக்கும் ஆசைதான். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்கு இதுவே.

இனி இரண்டாம் பால். அது முழுக்க உங்கள் கையில் இருப்பது: ஆறு பாட்டு எழுதுவது, வாரம் இரண்டு நாள் குரல் பயிற்சி, ஏறும் ஒவ்வொரு மேடையிலும் இரண்டு சொந்தப் பாட்டு. இந்த மூன்றாவதைத்தான் நான் ஆண்டின் அச்சாணி என்பேன். மலையகத்தில் தோட்டக் கோயில் திருவிழா என்றால் இசைக்குழு உண்டு, இசைக்குழு என்றால் சினிமாப் பாட்டு. பல மணி நேர நிகழ்ச்சியில் குழுவின் சொந்தப் பாட்டு ஒன்றுகூட வராமல் போவது வழக்கம். முழு இரவையும் சொந்தப் பாட்டால் நிரப்பச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கூட்டம் எழுந்துபோகும், அடுத்த ஆண்டு அழைப்பும் வராது. எல்லோரும் அறிந்த இரண்டு துள்ளல் பாட்டுகளுக்கு நடுவில் ஒன்றை வையுங்கள். எந்த வரியில் தலைகள் திரும்புகின்றன, எந்த இடத்தில் பேச்சுச் சத்தம் கூடுகிறது என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்து திருத்துங்கள். ஆண்டில் 15 மேடை கிடைத்தால் அந்தப் பாட்டு 15 தடவை வெந்துவிடும்.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி இருக்கிறார். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தோட்டத் தொழிலாளரின் நிலையைத் தாமே பாட்டாக எழுதி, மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான மெட்டுகளில் ஏற்றி, தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்தன. கேட்பவருக்குத் தெரிந்த மெட்டு, தெரியாத சொல் என்ற அந்த உத்தி இன்றைக்கும் மேடையில் வேலை செய்யும். முதல் வரவேற்புக்கு அது நல்ல வழி. ஒலிப்பதிவுக்குப் போகும்போது மட்டும் மெட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உரிமைச் சிக்கல் வரும்.

தீயின் அளவை நாட்காட்டிதான் தீர்மானிக்கும். வத்தேகம, கண்டி–மாத்தளை ரயில் பாதையில் இருக்கும் ஊர். இரு பக்கமும் மேடை உண்டு. மாசியில் தோட்டங்களில் காமன் கூத்தும், மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேரும். அதன்பின் சித்திரைப் புத்தாண்டு வரையும் அதைத் தாண்டியும் தோட்டக் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும். அந்த மாதங்கள் சம்பாதிக்கும் மாதங்கள், புதுப் பாட்டைச் சோதிக்கும் மாதங்கள். அப்போது எழுதவும் பதியவும் திட்டம் போடாதீர்கள். ஆடியில் தமிழ்க் கல்யாணங்கள் குறையும். எசல பெரஹராவை ஒட்டிக் கண்டி நகர வீதிகள் மாலையில் மூடப்படும். பூரணை நாட்களில் மதுச்சாலைகள் பூட்டியிருக்கும், ஹோட்டல் இசை நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் இருக்காது. இந்த ஓய்வான நாட்களே எழுதுவதற்கும் பதிவுக்கும் உரியவை. ஐப்பசி, கார்த்திகையில் மழையை எண்ணி வெளிமேடைக்கு மாற்று ஏற்பாடு வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் கொட்டிய மழையும் மண்சரிவும் எத்தனை வீடுகளைச் சிதைத்தன என்று நமக்குத் தெரியும். ஆண்டுத் திட்டத்தில் ஒரு மாதத்தை வெறுமையாக விடுவது மலைநாட்டில் அவசியம்.

முதற்பாலுக்கு வருவோம். ஆறு பாட்டில் மேடையில் நன்றாக வெந்த இரண்டை மட்டும் எடுத்து ஒலிப்பதிவுக்குப் பணம் செலவழியுங்கள். தீபாவளிக்கு வெளியிட வேண்டுமென்றால் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். ஸ்பொட்டிஃபையின் தொகுப்பாளர் பார்வைக்குப் பாட்டை வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு முன் விநியோக நிறுவனத்துக்குச் சில வாரம், அதற்கும் முன் ஒலிக்கலவை, பதிவு. ஆவணியில் பதிவு முடியவில்லை என்றால் தீபாவளியை விட்டுவிட்டுத் தைப்பொங்கலைப் பிடியுங்கள். அவசரத்தில் வெளியிட்ட பாட்டை யாரும் இரண்டாம் முறை வரவேற்பதில்லை.

எண்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் ஒலிப்பதிவுக்கான பணம் கணக்கில் சேரும். 2024 முதல் இதுதான் விதி. யூடியூபில் முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி குறுங்காணொளிப் பார்வையோ வேண்டும். முதல் ஆண்டில் இந்த வாசல்களை எட்டுவதே போதுமான இலக்கு. சோற்றுக்கான பணம் மேடையிலிருந்துதான் வரும். அதனால் முற்பணம் வாங்காமல் நாள் கொடுப்பதில்லை என்பதையும் இலக்காக எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டியை இறக்கும் முன் உப்புப் பார்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாலை உட்கார்ந்து, எழுதிய பாட்டு, ஏறிய மேடை, வந்த பணம், போன பணம் நான்கையும் ஒரு கொப்பியில் பாருங்கள். ஆறு பாட்டு ஐந்தாகலாம். காரணம் தெரிந்தால் அடுத்த காலாண்டைத் திருத்திவிடலாம்.

உரிமை விஷயத்தை மட்டும் திருத்த முடியாமல் போகும். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டின் வேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அதைப் பாடிய அறிவு என்ற கலைஞரின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தோட்டத்தில் உழைத்தவர். உலகமே பாடிய அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அவர்களுக்கே அந்த நிலை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் பதிப்புரிமையைக் காக்கிறது. ஆனால் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது உங்கள் வேலை. ஒலிப்பதிவுக்குப் போகும் முன்பே அதைச் செய்யுங்கள். நண்பர்களாக இருக்கும்போது எழுதுவது சுலபம்.

வத்தேகம, பன்வில, மடுல்கலைப் பக்கத் தோட்டக் கோயில்களின் நிர்வாக சபையினரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கு இசைக்குழுவோடு பேசும்போது, இரண்டு பாட்டாவது அவர்கள் சொந்தமாகக் கட்டியதாக இருக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். பாடும் முன் எழுதியவரின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லுங்கள்.